குதிரைத்திறனும் குடும்பக் கணக்கும்

2025 அக்டோபரில் ஸ்கோடா நிறுவனம் ஆக்டேவியா ஆர்.எஸ். காரில் 100 மட்டும் இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. 265 குதிரைத்திறன். விலை ரூ. 49.99 லட்சம். நூறும் விற்றுத் தீர்ந்தன. வாங்கியவர்களில் யாராவது "மிதியடி இலவசமாகத் தருவீர்களா?" என்று கேட்டிருப்பார்களா என்பது சந்தேகமே. அபூர்வமான பொருளுக்குப் பேரம் கிடையாது.

பேரத்துக்கு இடமிருப்பது சில படிகள் கீழே. 150, 160 குதிரைத்திறன் கொண்ட டர்போ எஞ்சினோடு, பார்வைக்குச் சாதாரணக் குடும்பக் கார் போலவே நிற்கும் நடுத்தர செடான்களில். ஃபோக்ஸ்வாகன் விர்டஸ், ஸ்கோடா ஸ்லாவியா, ஹூண்டாய் வெர்னா. இவற்றை வாங்குபவர் பெரும்பாலும் பணக்காரரல்ல. மாதச் சம்பளக்காரர். வேகம் என்பது அவருக்கு இருபது வயதில் வந்து, ஐம்பது வயதுவரை வட்டி கட்டிக்கொண்டே வரும் ஒரு பழைய கடன்.

புனேயில் பணிபுரியும் பொதுத்துறை வங்கி அதிகாரி ஒருவருக்கு அந்தக் கடன் 1999இல் தொடங்கியது. வேலையில் சேர்ந்த புதிது. முதல் நியமனம் புவனேஸ்வரில். அந்த ஆண்டுதான் ஃபோர்டு ஐகான் வந்தது. வங்கிக்கு வரும் காண்ட்ராக்டர் ஒருவர் 1.6 லிட்டர் ஐகான் வைத்திருந்தார். ஒருநாள் அவரை அருகில் உட்காரவைத்துக் கட்டாக் சாலையில் ஒரு லாரியை முந்திக் காட்டினார். மூன்று நான்கு விநாடி விஷயம். அதன் பிறகு லக்னோ, கோயம்புத்தூர், புனே என்று மாற்றலாகி, ஸ்கூட்டர் வாங்கி, சின்ன கார் வாங்கி, வீட்டுக் கடன் கட்டி, மகளைப் பன்னிரண்டாம் வகுப்புவரை கொண்டுவந்த பின்னும் அந்த மூன்று நான்கு விநாடி அவரை விடவில்லை.

2024 நவம்பரில் விஷயம் வீட்டில் சபைக்கு வந்தது. பன்னிரண்டு வருட வேகன் ஆருக்கு ஏ.சி. போயிருந்தது. மனைவி பள்ளி ஆசிரியை. வீட்டுக் கணக்கு அவர் கையில். மறுக்கவில்லை. ஒரு தொகையை மட்டும் சொன்னார். "எல்லாம் சேத்து, வண்டி வாசலுக்கு வந்து நிக்கறப்போ பதினேழு லட்சம். அதுக்கு மேல ஒரு ரூபாயும் கிடையாதுங்க. ஜூலைல காலேஜ் ஃபீஸ் இருக்கு."

பதினேழு லட்சம் என்பது கேட்பதற்குப் பெரிய தொகை. ஆனால் அவர் கண் வைத்திருந்த கார்களின் ஷோரூம் விலையே 16 முதல் 18 லட்சத்துக்குள் இருந்தது. வரி, காப்பீடு எல்லாம் அதற்கு மேல்.

கார் உலகில் 'பெர்ஃபார்மன்ஸ்' என்ற சொல்லைப் போல ஏமாற்றும் சொல் வேறு இல்லை. விளம்பரத்தில் அது அதிகபட்ச வேகம். மும்பை-புனே விரைவுச்சாலையில் கார்களுக்கு 100 கிலோமீட்டர்தான் வரம்பு. மலைப்பகுதியில் அதற்கும் குறைவு. மீறினால் காமிரா பிடித்துவிடும். அப்புறம் 160 குதிரைகள் எதற்கு? இரண்டு வழிச் சாலையில் கரும்பு லாரியை முந்துவதற்கு. எதிர்ப்பக்கம் வண்டி தெரியாத அந்தச் சிறிய இடைவெளியில் நாலாவது கியரிலேயே மளமளவென்று வேகமெடுத்து, மீண்டும் தன் வழிக்கு வந்துவிடுவதற்கு. முந்தும்போது எதிர்ச்சாரியில் இருக்கும் நேரம் குறைவது பாதுகாப்புதான். இந்த வாதத்தை அவர் வீட்டில் பலமுறை முன்வைத்தார். மனைவி ஒவ்வொரு முறையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

முந்தும் திறனைத் தீர்மானிப்பது உச்சகட்டக் குதிரைத்திறன் அல்ல, முறுக்குவிசை. விர்டஸில் 1.5 லிட்டர் டர்போ எஞ்சின் 150 குதிரைத்திறன், 250 நியூட்டன் மீட்டர். வெர்னா டர்போவில் 160, 253. காகிதத்தில் வித்தியாசம் ஒன்றுமில்லை. இரண்டிலும் அந்த விசை 1,500 சுற்றுகளை ஒட்டித்தான் முழுமையாகக் கிடைக்கிறது. அதற்குக் கீழே, நெரிசலில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது, காரில் சின்ன மந்தம் இருக்கும். இதைப் பத்திரிகை விமர்சனம் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. ஓட்டினால்தான் தெரியும்.

ஓட்டவிடுகிறார்களா என்பது அடுத்த கேள்வி. ஷோரூம்களின் டெஸ்ட் டிரைவ் என்பது பெரும்பாலும் சமதளத்தில் மூன்று கிலோமீட்டர். பக்கத்து இருக்கையில் விற்பனை இளைஞர் பாட்டுப்பெட்டியின் மகிமையை விளக்கிக்கொண்டே வருவார். போதாததற்கு டெஸ்ட் கார் ஆட்டோமேடிக்காக இருக்கும்; வாங்க வந்தவர் கேட்பது கைகியராக இருக்கும். இவர் பிடிவாதமாக ஒரு வேலைநாள் காலையைத் தேர்ந்தெடுத்தார். பானேரில் புறப்பட்டு, சாந்தினி சௌக் வழியாக, நவலே பாலம் தாண்டிக் கத்ராஜ் புதுச் சுரங்கப்பாதைவரை ஏறும் சாலை. சரக்கு லாரிகள் இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் மோதும் விபத்துகளுக்குப் பெயர் போன சரிவு அது. ஏற்றத்தில் இழுவை தெரியும், இறக்கத்தில் பிரேக் தெரியும். "மலை ஏறிப் பார்க்காமல் செக் எழுத மாட்டேன்" என்றார். ஒரு கடையில் முடியாது என்றார்கள். இரண்டு கடைகளில் சம்மதித்தார்கள். கேட்டால் கிடைக்கிறது, கேட்பவர்கள் குறைவு.

விர்டஸ் வளைவுகளில் தரையைக் கவ்விக்கொண்டு போனது. கதவைச் சாத்தினால் பீரோ சாத்துவதுபோல் சத்தம். தரைக்கும் அடிப்பாகத்துக்கும் 179 மில்லிமீட்டர் இடைவெளி. புனேயின் வேகத்தடைகளை ஒருமுறையாவது பார்த்தவர்களுக்கு அந்த எண்ணின் அருமை புரியும். ஆனால் அன்று கிடைத்த மாடலில் பின்சக்கரங்களுக்கு டிரம் பிரேக்தான். 150 குதிரைத்திறனை விற்பவர்கள் அங்கே சிக்கனம் பார்த்திருக்க வேண்டாம். வெர்னா டர்போவில் நான்கு சக்கரங்களுக்கும் டிஸ்க் பிரேக். ஸ்டியரிங் கொஞ்சம் லேசு. அவருக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. பின்இருக்கையோ சோபா போல இருந்தது. மோதல் சோதனையில் இரண்டுமே 2023இல் குளோபல் என்காப் அமைப்பின் ஐந்து நட்சத்திரம் வாங்கியவை. அந்தக் கவலை இல்லை.

இரண்டாவது ஓட்டத்துக்கு மனைவியையும் அழைத்துப் போனார். அவருக்கு முதுகுவலி உண்டு. செடான் என்றாலே தாழ்ந்த இருக்கை. குனிந்து இறங்க வேண்டும், முட்டியை ஊன்றி எழ வேண்டும். நாலைந்து தடவை ஏறி இறங்கிப் பார்த்தார். கார் வாங்கும் கணவர்கள் குதிரைத்திறனை அளப்பதுபோல இதையும் அளக்கலாம்.

கியர் விஷயத்தில் அவருக்குக் குழப்பமில்லை. ஆட்டோமேடிக்குக்கு ஒரு லட்சத்துக்கும் மேல் கூடுதல் விலை. இந்தக் கார்களில் வருவது உலர் கிளட்ச் இரண்டு கொண்ட ஏழு கியர் பெட்டி. வேகம் பிடிக்கும்போது அற்புதம், வெயிலில் நெரிசலில் ஊர்ந்தால் சூடாகும். அவருக்கு வேண்டியது ஆறு கியர் மேனுவல். அலுவலகத்தில் சிரித்தார்கள். புனே டிராஃபிக்கில் ஐம்பது வயதில் கிளட்ச் மிதிக்கப் போகிறாயா என்று கேட்டார்கள்.

அவர்கள் சிரித்த சிரிப்பில்தான் பேரத்தின் சூட்சுமம் இருந்தது. அது எல்லோருக்கும் வேண்டாத கார். செடான் சந்தை சுருங்கிக்கொண்டே வருகிறது. ஹோண்டா சிவிக், டொயோட்டா கரோலா ஆல்டிஸ் இரண்டும் 2020இல் நின்றன. எலன்ட்ரா 2022இல். ஆக்டேவியாவின் சாதாரண மாடல் 2023இல். மாருதி சியாஸ் 2025இல். விற்கும் கார்களில் பாதிக்கு மேல் உயரமான எஸ்.யூ.வி. ரகம். மிச்சமிருக்கும் செடான் வாங்குபவர்களிலும் ஆட்டோமேடிக் வேண்டுவோர் பெருகிவிட்டார்கள். டர்போ எஞ்சின், கைகியர் என்ற சேர்க்கையைக் கேட்டு வருபவர் மாதத்துக்கு ஒருவரோ இருவரோ.

டீலர் காரைத் தன் சொந்தப் பணத்தில் வாங்கி நிறுத்திவைப்பதில்லை. வங்கியிடம் சரக்குக் கடன் வாங்கித்தான் கம்பெனிக்குப் பணம் கட்டுகிறார். கார் யார்டில் நிற்கும் ஒவ்வொரு மாதமும் வட்டி ஓடும். அப்படிப்பட்ட கடன் கோப்புகள் பலவற்றில் கையெழுத்திட்ட கை இவருடையது. எனவே "எவ்வளவு குறைப்பீர்கள்?" என்று அவர் எங்கும் ஆரம்பிக்கவில்லை. "கைகியர் டர்போ ஸ்டாக்கில் இருக்கிறதா? எந்த மாதம் தயாரானது?" என்று கேட்டார். வெயிட்டிங் என்று சொல்லும் கடையில் தள்ளுபடி இருக்காது. ஜூன் மாதத்து வண்டி ஒன்று நிற்கிறது என்று டிசம்பரில் சொல்லும் கடையில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காரலாம்.

டிசம்பருக்குத் தனி மகிமை உண்டு. ஜனவரி பிறந்துவிட்டால் அதே கார் 'போன வருட மாடல்' ஆகிவிடும். வாங்குபவருக்கும் இதில் நஷ்டக் கணக்கு இருக்கிறது: பின்னாளில் விற்கும்போது தயாரிப்பு ஆண்டைத்தான் பார்ப்பார்கள். ஏழெட்டு வருடம் வைத்து ஓட்டப் போகிறவருக்கு அது பெரிதல்ல. இரண்டு வருடத்தில் மாற்றுபவருக்கு டிசம்பர் தள்ளுபடி வெறும் மாயை. இதற்கு நேர்மாறானது தசரா, தீபாவளி, மகாராஷ்டிரத்தில் குடிபாட்வா. முகூர்த்தம் பார்த்து டெலிவரி எடுக்கும் கூட்டத்துக்கு நடுவே யாரும் விலையைக் குறைக்க வேண்டிய அவசியமில்லை. பித்ருபட்சத்தில் கடைகள் காற்று வாங்கும். சாஸ்திரம் பார்க்காதவர்களுக்கு நல்ல காலம்.

முதல் கடை தந்த கொட்டேஷன் கடைசி வரியில் ரூ. 19.44 லட்சம் என்றது. ஷோரூம் விலை 16.03 லட்சம். மகாராஷ்டிரத்தில் பத்து முதல் இருபது லட்சம்வரை பெட்ரோல் காருக்கு 12 சதவிகிதம் வரி, 1.92 லட்சம். காப்பீடு 78 ஆயிரம். பத்து லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஒரு சதவிகிதம் டி.சி.எஸ்., 16 ஆயிரம். வருமான வரிக் கணக்கில் திரும்பப் பெறலாம் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அதன் கீழே ஒரு சில்லறைக் கூட்டம்: நீட்டித்த வாரண்டி, ஆக்ஸஸரீஸ் தொகுப்பு, பெயிண்ட்டுக்கு மேல்பூச்சு, 'ஹேண்ட்லிங்'. எல்லாம் சேர்த்து 55 ஆயிரம். ஷோரூம் விலை என்பதே கார் ஷோரூமுக்கு வந்து நிற்கும் விலை. அதைக் கையாளத் தனிக் கூலி எதற்கு என்று அவர் கேட்டார். "எல்லோரும் கொடுக்கிறார்கள், சார்" என்பதுதான் பதில். பில்லில் வேண்டாம் என்று சொன்னதும் மறுவார்த்தையில்லாமல் எடுத்துவிட்டார்கள். எடுத்த வேகத்தைப் பார்த்தால் அது பிடிவாதத்துக்காகப் போட்ட வரியல்ல, கவனிக்காதவர்களுக்காகப் போட்ட வரி.

காப்பீட்டில் போராட்டம் கொஞ்சம் நீண்டது. மூன்றாம் நபர் காப்பீடு மூன்று ஆண்டுகளுக்குச் சேர்த்தே எடுக்க வேண்டும், 1,500 சி.சி.வரையிலான காருக்கு 2022இல் நிர்ணயித்த கட்டணம் ரூ. 10,640. எங்கே வாங்கினாலும் அதில் மாற்றமில்லை. வித்தியாசமெல்லாம் சொந்தச் சேதத்துக்கான பகுதியிலும் கூடுதல் பாதுகாப்புகளிலும். டீலரிடம்தான் எடுக்க வேண்டும் என்று கட்டாயம் கிடையாது. ஆனால் வெளியில் எடுத்தால் தள்ளுபடி குறையும் என்று நாசூக்காகச் சொல்வார்கள். அவர்களுக்கும் அதில் வருமானம் இருக்கிறது. இவர் வெளியே அதே பாதுகாப்புகளுக்கு எழுத்தில் ஒரு விலை வாங்கிவந்து மேஜையில் வைத்தார். 52 ஆயிரம். சற்று நேர மௌனத்துக்குப் பின் டீலரின் காப்பீடும் 52 ஆயிரத்துக்கு இறங்கியது.

"பணம் எப்படிக் கட்டுகிறீர்கள்?" என்ற கேள்வியும் சாதாரணமானதல்ல. கடன் வாங்கித் தந்தால் டீலருக்குக் கமிஷன் உண்டு. வங்கி ஊழியருக்கோ சலுகை வட்டியில் சொந்த வங்கிக் கடன். அதை முதல் நாளே சொல்லியிருந்தால் கடையில் அவர்மீது இருந்த உற்சாகத்தில் பாதி போயிருக்கும். "இன்னும் முடிவு செய்யவில்லை" என்றார். விலை எழுத்தில் வந்த பிறகுதான் முடிவு செய்தார்.

பெரிய மிச்சம் வந்தது பேரத்தில் அல்ல, நம்பர் பிளேட்டில். மாற்றலாகிப்போகும் வேலைக்காரர்களுக்கென்று 2021இல் பி.எச். வரிசைப் பதிவு வந்தது. மத்திய, மாநில அரசு ஊழியர்கள், பொதுத்துறை, ராணுவம், நான்கு மாநிலங்களுக்குக் குறையாமல் அலுவலகம் உள்ள தனியார் கம்பெனியில் வேலை செய்பவர்கள் இதற்குத் தகுதியானவர்கள். சாலை வரியை மொத்தமாகக் கட்டாமல் இரண்டிரண்டு ஆண்டுகளுக்குக் கட்டலாம். ஜி.எஸ்.டி. சேராத விலைமீதுதான் வரி. இது இல்லாதவர் கதை வேறு. அதே காருக்கு டில்லியில் 10 சதவிகிதம், தமிழ்நாட்டில் 18, கர்நாடகத்தில் 17 சதவிகிதமும் அதன்மேல் செஸ்ஸும். புனேயில் வாங்கிய காரோடு பெங்களூருக்கு மாற்றலாகி, ஒரு வருடத்துக்கு மேல் தங்கினால், மறுபதிவும் அங்கே வரியும். இங்கே கட்டியதில் மிச்சத்தைத் திரும்பப் பெற அலுவலகம் அலுவலகமாக அலைச்சலும். கோயம்புத்தூரிலிருந்து வந்தபோது வேகன் ஆருக்காக அதை அனுபவித்தவர் அவர்.

இருந்தும் பி.எச். என்றதும் மூன்று கடைகளிலும் முகம் சுருங்கியது. "லேட் ஆகும், சார்." "ஆர்.டி.ஓ.வில் கேள்வி கேட்பார்கள், சார்." அடையாள அட்டை, இரண்டொரு காகிதம், அவ்வளவுதான். மூன்றாவது கடையில் ஒரு பெண் ஊழியர் மட்டும் "செய்து தருகிறேன், பத்து நாள் கொடுங்கள்" என்றார். அந்தக் கடையின் யார்டில்தான் ஜூன் மாதத்து வெர்னா நின்றது.

வெள்ளை நிறம் கேட்டிருந்தார், நின்றது கறுப்பு. புனே தூசிக்குக் கறுப்பு பொருந்தாது என்று அவர் உதட்டைப் பிதுக்கினார். உள்ளுக்குள் அவருக்குக் கறுப்புதான் பிடித்திருந்தது. விர்டஸ் கொட்டேஷனையும் பையிலிருந்து எடுத்து வைத்தார். அது பொய் மிரட்டல் அல்ல. வெர்னா கிடைக்காவிட்டால் விர்டஸ் வாங்கியிருப்பார். ஓட்டுவதற்கு அதுதான் அவருக்கு ஒரு பிடி கூடப் பிடித்திருந்தது. ஒரே காரில் மனதைப் பறிகொடுத்தவர் பேரம் பேசுவது நடிப்பு, விற்பனையாளர்கள் அதைத் தினமும் பார்க்கிறார்கள். இரண்டு கார்களை உண்மையாகவே விரும்புபவர் எழுந்து போனால் போய்விடுவார். 30 ஆயிரத்தில் ஆரம்பித்த தள்ளுபடி, பழைய காருக்கான எக்ஸ்சேஞ்ச் போனஸ் சேராமலே, மூன்று சனிக்கிழமைகளில் 75 ஆயிரத்துக்கு வந்தது. மாதக் கடைசிக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.

முன்பணம் கட்டுமுன் யார்டுக்குப் போனார். சேஸிஸ் எண்ணில் பத்தாவது எழுத்து பெரும்பாலான கம்பெனிகளில் ஆண்டைக் குறிக்கும்; 2024க்கு ஆங்கில 'ஆர்'. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. ஆறு மாதம் நின்ற வண்டிக்கு பாட்டரி பலவீனமாகியிருக்கலாம். டயர்கள் ஒரே இடத்தில் அழுந்தித் தட்டையாகியிருக்கலாம். பாட்டரியைச் சோதித்து எழுதித்தரச் சொன்னார். பதிவுக்கு முன்னால் பார்த்தால் வேறு வண்டி கேட்கலாம். பதிவான பின் பார்த்தால் மன்னிப்புதான் கிடைக்கும்.

மொத்தம் 16.13 லட்சம். முதல் கொட்டேஷனுக்கும் இதற்கும் 3.31 லட்சம் வித்தியாசம். அலுவலகத்தில் இதைப் பெரிய வீரமாகப் பேசிக்கொண்டார்கள். மனைவி ஒரு நோட்டில் பிரித்து எழுதினார். வரியில் 1.74 லட்சம், இது மிச்சமல்ல, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வந்துகொண்டே இருக்கும். வேண்டாத சில்லறைகள் 55 ஆயிரம். காப்பீடு 26 ஆயிரம். டி.சி.எஸ். வித்தியாசம் சில நூறு. டீலர் உண்மையில் விட்டுக்கொடுத்தது 75 ஆயிரம். நோட்டின் அடியில், 17 லட்சத்துக்கு மீதமிருந்த 87 ஆயிரத்தைக் 'கல்லூரி' என்று எழுதி அடிக்கோடிட்டார்.

ஜனவரியில் குடும்பத்தோடு தாம்ஹிணி கணவாய் வழியாகக் கொங்கணக் கரைக்குப் போனார்கள். ஓரிடத்தில் ஒரு டேங்கர் லாரி. மூன்றாவது கியர், கால் அழுத்தம், மூன்று நான்கு விநாடி. பின்இருக்கையில் மகள் இயர்ஃபோன் மாட்டியிருந்தாள், கவனிக்கவில்லை. மனைவி மட்டும் "இதுக்குத்தானா?" என்று கேட்டார்.

2025 செப்டம்பர் 22 முதல் கார்களுக்கான ஜி.எஸ்.டி. மாறியது. நாலு மீட்டருக்கு மேல் நீளமும் 1,500 சி.சி.க்குள் எஞ்சினும் உள்ள பெட்ரோல் கார்களுக்கு செஸ் சேர்த்து 45 சதவிகிதமாக இருந்த வரி 40 ஆனது. அவர் வாங்கிய மாடலுக்குக் கணக்குப் போட்டால் குறைவு சுமார் 55 ஆயிரம். அலுவலகத்தில் முதலில் அவரிடம்தான் செய்தித்தாளை நீட்டினார்கள். வாங்கிப் படித்துவிட்டு, அந்த டிசம்பரில் மேல்பூச்சையும் ஹேண்ட்லிங்கையும் பில்லிலிருந்து எடுக்கவைத்தபோதும் சரியாக 55 ஆயிரம்தான் குறைந்தது என்றார்.